சிறிய கல்லறைக்குப் பக்கத்து இடம்

அந்த நாட்களில் எங்கள் பக்கம் எங்கே நற்செய்திக் கூட்டம் நடந்தாலும் ஒரு மாலையாவது, இன்று திருச்சபை எதிர்நோக்கும் சவால்கள் என்ற தலைப்பில் யாராவது பேசுவார்கள். மதுரையிலிருந்து ரயிலில் வந்து இறங்கிய பேச்சாளர் விரல்விட்டு எண்ணிச் சொல்வார்: சினிமா, அரசியல், குடி, நாத்திகம், வாலிபர்களின் தலைமுடி. நாங்கள் தலையாட்டிக் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்துவிடுவோம். சவால் எல்லாம் வெளியே எங்கேயோ திரிகிறது, நாம் உள்ளே பத்திரமாக இருக்கிறோம் என்ற நினைப்பு. எங்கள் சபைக்கு வந்த சவால் எங்கள் வீட்டு முன்னறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. அதற்குக் காபி கொண்டுபோய்க் கொடுத்தது என் அம்மா.

போடியில் எங்கள் கோயிலுக்கு ஊரார் வைத்த பெயர் வேதக்கோயில். சுண்ணாம்புச் சுவர், ஓட்டுக் கூரை, ஒரு மணிக்கூண்டு. மேற்கு ஜன்னல் வழியே மலை தெரியும். மலைக்கு அந்தப் பக்கம் மழை கொட்டும் மாதங்களில் இங்கே வெறும் காற்று மட்டும் வந்து பாட்டுப் புத்தகத்தின் தாள்களைப் புரட்டும். இலவம்பஞ்சு காலத்தில் பிரசங்கத்தின் நடுவே பஞ்சு மிதந்து வந்து போதகரின் அங்கியில் ஒட்டிக்கொள்ளும். வாத்தியார்கள், நர்ஸம்மாக்கள், கடைகளில் வேலை பார்ப்பவர்கள் என்று நகரத்துக் குடும்பங்கள் முன்னால் பெஞ்சுகளில் இருப்பார்கள். மலையில் ஏலக்காய்த் தோட்டங்களில் வேலை செய்யும் சபையார் பண்டிகைக்கு ஜீப்பில் இறங்கி வந்தால், பின்னால் பாயில் உட்காருவார்கள். அப்படி உட்காரச் சொல்லி எங்கேயும் எழுதி வைக்கவில்லை. வருகிறவர்கள் தாமாகப் பின்னால் போவார்கள், இருக்கிறவர்கள் தாமாக முன்னால் இருப்பார்கள். சிறுமியாக இருந்தபோது நான் அதை இடப் பற்றாக்குறை என்றே நினைத்திருந்தேன்.

அப்பா ஒரு ஏலக்காய் வியாபாரியின் கிட்டங்கியில் மேற்பார்வை பார்த்தார். மலையிலிருந்து மூட்டைகள் இறங்குவதும், பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காய் பொறுக்குவதும், தரம் பிரித்த காய் ஏலத்துக்குப் போவதும் அவர் கண் முன்னால்தான் நடக்கவேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சட்டை ஏலக்காயாக மணக்கும். ஆனால் எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் பாயசத்துக்கு ஏலக்காய் மளிகைக் கடையில்தான் வாங்கவேண்டும். ஒரு காய்கூட கிட்டங்கியிலிருந்து வராது. "நாளைக்கு ஒருத்தன் என்னை வெரலை நீட்டிப் பேசிறக் கூடாது" என்பார். ஒரு நாளைக்கு நாலு தடவையாவது அதைச் சொல்லாமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது. கோயிலிலும் அவர்தான் கமிட்டிச் செயலாளர். போதகர்கள் மாற்றலாகி வருவார்கள், போவார்கள்; அப்பா இருப்பார். புதிதாக வரும் போதகருக்கு எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்பதுகூட அப்பா சொன்னால்தான் தெரியும். அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவர்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. இரண்டையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஊரின் ஓரத்தில் எங்கள் சபையின் கல்லறைத் தோட்டம். அதன் மூலையில் ஒரு சிறிய கல்லறை உண்டு. என் அண்ணனுடையது. எனக்கு முன்னால் பிறந்து, தவழத் தொடங்கும் முன்பே காய்ச்சலில் போய்விட்டவன். நான் தாவணி போட்ட பிறகும் அந்தக் கைக்குழந்தையை அண்ணன் என்றே சொன்னேன். அம்மா அப்படிப் பழக்கியிருந்தாள். ஈஸ்டருக்கு முந்திய சனிக்கிழமை அவள் சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு போய் அந்தக் கல்லறைக்கு வெள்ளையடிப்பாள். அதற்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவே ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு இடம் கிடந்தது. ஒரு முறை அப்பாவிடம் அந்த இடத்தைக் காட்டிக் கேட்டாள்.

"என்னங்க, இந்த எடத்தை வேற யாருக்கும் குடுத்துறாதீங்க. எனக்கு வேணும். பிள்ளை தனியாக் கெடக்கான்."

மறுநாளே அப்பா ஒரு கல்லைக் கொண்டுவந்து அங்கே நட்டார். "சரி, ஒனக்குத்தான். அதுக்காக நீ ஒண்ணும் அவசரப்படாத" என்று சிரித்தார். அம்மா நகை கேட்டு, பட்டு கேட்டு நான் பார்த்ததில்லை. அவள் வாய்விட்டுக் கேட்டது அந்த இடம் ஒன்றைத்தான்.

அம்மாதான் எங்கள் சபையின் பெண்கள் சங்கத்துக்குத் தலைவி. மலைச் சபைக்கென்று தனிக் கோயில் கிடையாது. ஒரு தோட்டத்தில் காய் உலர்த்தும் ஸ்டோரின் தாழ்வாரத்தில் ஆராதனை நடக்கும். மாதம் ஒரு முறை போதகர் மேலே போகவேண்டும் என்பது ஏற்பாடு. அவர் ஒருவர். சிலமலை, ராசிங்காபுரம் என்று சுற்றுவட்டாரத்தில் சிதறிக் கிடந்த குடும்பங்களையும் அவர்தான் பார்க்கவேண்டும். வாகனம் ஒரு சைக்கிள். மழைக்காலத்தில் மலைக்கு ஜீப்பு கிடைக்காது. கிடைத்தாலும் ஆளுக்குமேல் ஆள், மூட்டைக்குமேல் மூட்டை. போதகர் போகாத மாதங்களில் அம்மா இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு போய், பாட்டுப் பாடி, ஜெபம் பண்ணிவிட்டு இறங்குவாள். போகாத மாதங்கள் வர வர அதிகமாயின.

அந்த இடைவெளியில்தான் ஜெபவீடு வந்தது. ஒரு தகரக் கொட்டகை, ஒரு டிரம், நிறையக் கைத்தட்டல். நடத்தியவர் மலையாளமும் தமிழும் கலந்து பேசுவார். எல்லாரும் அவரைப் பிரதர் என்று கூப்பிட்டார்கள். யாருக்காவது காய்ச்சல் என்றால், அட்டை கடிக்கக் கடிக்க மழையில் நடந்து வந்து, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குள் குனிந்து நுழைந்து, ஈரத் தரையிலேயே உட்கார்ந்து ஜெபம் பண்ணுவார். கொட்டகையில் எல்லாருக்கும் ஒரே பாய். எங்கள் போதகர்களும் நல்லவர்கள்தான். ஆனால் அவர்கள் லயத்துக்கு வந்தால் நாற்காலிக்கு எங்கே போவது என்று அந்த வீட்டுக்காரர்கள் தவிப்பார்கள்.

அம்மா ஒரு நாள் அந்தக் கொட்டகையில் போய் உட்கார்ந்தாள். என்ன நடந்தது என்று ரொம்ப நாள் கழித்து என்னிடம் சொன்னாள்.

"எல்லாரும் சத்தம் போட்டு அழுதாங்கடி. எதுக்கு அழுகுறேன்னு யாரும் யாரையும் கேக்கல. நானும் அழுதேன். பிள்ளை செத்தன்னைக்குக்கூட நான் அப்படி அழுகல. அன்னைக்குப் போதகரய்யா வந்து, சின்னப் பிள்ளைதானன்னு ஒரு பாட்டு, ஒரு ஜெபம், வெரசா முடிச்சிட்டாக. நான் வாயத் தெறந்தேன். விசுவாசம் இல்லாதவ மாதிரி கத்தக்கூடாதுன்னு ஒங்கப்பா எங் கையப் புடிச்சு அமுக்குனாரு. அப்படியே முழுங்கிட்டேன்."

அத்தனை வருடம் முழுங்கி வைத்திருந்தது அந்தத் தகரக் கொட்டகையில்தான் வெளியே வந்தது. அதற்குப் பிறகு அவள் மலைக்குப் போகும்போதெல்லாம் அங்கேயும் போனாள். காய் எடுப்பு மும்முரமாக இருந்த ஒரு பருவத்தில், தோட்டத்துக்குப் பின்னால் ஓடும் ஓடையில் மூழ்கி ஞானஸ்நானமும் எடுத்துக்கொண்டாள். எங்கள் சபையில் ஞானஸ்நானம் என்பது குழந்தையாக இருக்கும்போது நெற்றியில் தண்ணீர் தெளித்துக் கொடுப்பது. மறுபடி மூழ்கி எடுப்பதென்றால் முதலில் கொடுத்தது செல்லாது என்று அர்த்தம். அம்மாவுக்கு அந்த வாதமெல்லாம் தெரியாது. பாரம் இறங்கியது, தண்ணீரில் இறங்கினாள். அப்பாவிடம் சொல்ல நல்ல வேளை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது எழுபதுகளின் பிற்பாதி. நான் ஆசிரியப் பயிற்சி முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தேன். கோயிலை ஒட்டிய கமிட்டி அறையின் கூரை ஒழுகியதால் அன்றைய கூட்டத்தை எங்கள் வீட்டில் வைத்திருந்தார்கள். நானும் அம்மாவும் அடுக்களையில் காபி போட்டுக்கொண்டிருந்தோம். நடுவில் ஒரு துணித் திரைதான், பேச்செல்லாம் காதில் விழுந்தது. மலைச் சபையில் ஆராதனைக்கு ஆளே இல்லை. குடும்பம் குடும்பமாக ஜெபவீட்டுக்குப் போய்விட்டார்கள். ஏன் போனார்கள் என்று அந்த அறையில் ஒருவரும் கேட்கவில்லை. எப்படி நிறுத்துவது என்பதுதான் பேச்சு. ஒருவர் தோட்ட முதலாளியிடம் சொல்லிக் கொட்டகையைப் பிரிக்கச் சொல்லலாம் என்றார். இன்னொருவர் நாமும் ஒரு டிரம் வாங்கலாம் என்றார். அப்பா குரலை உயர்த்தினார்.

"பாட்டுக்கு அங்க, கொட்டுக்கு அங்க. கல்யாணத்துக்கும் எழவுக்கும் மட்டும் நாமளா? நம்ம கோயில்ல குடுத்த ஞானஸ்நானம் செல்லாதுன்னு போறவனுக்கு நம்ம திருவிருந்து எதுக்கு? நம்ம கல்லறைத் தோட்டத்துல எடம் எதுக்கு? ரெண்டும் கெடையாதுன்னு தீர்மானம் போடுவோம்."

அப்போதிருந்த போதகர் வயதில் சிறியவர். தயங்கித் தயங்கிச் சொன்னார். "அய்யா, திருவிருந்து வேணா சரி. கல்லறையை விட்ருவோமே. செத்தவங்க மேல நமக்கென்ன கோவம்?"

"அதை விட்டா எவனுக்குப் பயம் இருக்கும்?" என்றார் அப்பா.

தட்டில் தம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. நான் தட்டை வாங்கப் போனேன், தரவில்லை. திரையை விலக்கிக்கொண்டு போய் நடுவிலிருந்த ஸ்டூலில் வைத்தாள். அப்பாவைப் பார்க்காமல் போதகரைப் பார்த்துப் பேசினாள்.

"அய்யா, நானும் எடுத்துட்டேன். மேல தோட்டத்து ஓடையில முழுகி எடுத்தேன். அப்ப எனக்கும் சேத்துத்தான இந்தத் தீர்மானம்?"

அப்பாவின் முகம் செத்துப் போயிற்று. ஒருவர் தொண்டையைச் செருமினார். போதகர் எழுந்தே விட்டார். "இன்னைக்கு இதோட நிறுத்திக்குவோம். அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்றார். எல்லாருக்கும் அப்பாடா என்றிருந்தது. ஒருவர் காபிக்குக் கை நீட்டினார். அப்போதுதான் அப்பா சொன்னார்.

"எதுக்கு அடுத்த மாசம்? எம் பொண்டாட்டிங்கறதாலயா? ஊருக்கு ஒரு சட்டம், செயலாளர் வீட்டுக்கு ஒரு சட்டமா? நாளைக்கு ஒருத்தன் என்னை வெரலை நீட்டிப் பேசவா? கையத் தூக்குங்க."

முதல் கை அவருடையது. மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு தூக்கினார்கள். போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். கைகள் இறங்கும் வரை நின்றிருந்துவிட்டு அம்மா உள்ளே வந்தாள். காபி ஆடை கட்டிப்போய் அப்படியே திரும்பி வந்தது. நான்தான் கீழே கொட்டினேன். கிட்டங்கியிலிருந்து ஒரு ஏலக்காய் எடுத்துவராத அதே நேர்மைதான். ஒரு ஏலக்காய்க்கும் ஒரு பெண்சாதிக்கும் வித்தியாசம் தெரியாத நேர்மை. அன்றிரவு அவர்கள் இருவரும் சண்டை போடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. அம்மா சோறு போட்டாள், அவர் சாப்பிட்டார்.

அடுத்த திருவிருந்து ஞாயிறு, அப்பமும் ரசமும் கொடுக்கும் நாளில், அம்மா எப்போதும்போல வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வந்தாள். பீடத்துக்கு முன்னால் இருக்கும் மரக் கிராதியில் எப்போதும்போல அப்பாவுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டுக் கை ஏந்தினாள். போதகர் அப்பாவுக்கு அப்பம் கொடுத்தார். அம்மாவிடம் வந்ததும் நின்றார். பிறகு அவளைத் தாண்டி அடுத்த ஆளுக்குக் கொடுத்தார். அப்பா கண்ணை இறுக மூடியிருந்தார். அம்மா ஏந்திய கையை மெல்ல மடக்கிக்கொண்டு எழுந்து வந்தாள். எனக்கு அன்றைக்கு எங்கள் கோயிலே அருவருத்துப் போயிற்று. அவளுக்கு அப்படி ஆகவில்லை. ஞாயிறு தவறாமல் காலையில் எங்கள் கோயிலுக்கு வந்தாள். மற்றவர்கள் கிராதிக்குப் போகும்போது பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பாள். ஈஸ்டருக்கு முந்திய சனிக்கிழமை அந்தச் சின்னக் கல்லறைக்கு வெள்ளையடிப்பதையும் விடவில்லை.

ஜெபவீட்டு வழக்கப்படி கம்மலையும் தாலியையும் கழற்றி வைத்தாள். எங்கள் சொந்தக்காரர்கள் பாதிப்பேர் இன்னும் சாமி கும்பிடுகிறவர்கள். அவர்களில் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்குச் சிலமலைக்குப் போயிருந்தோம். சந்தனம் குங்குமத் தட்டோடு வந்த ஒரு பெண் அம்மாவின் வெறுங்காதையும் வெறுங்கழுத்தையும் பார்த்துவிட்டு, தட்டை நீட்டாமல் நகர்ந்தாள். "ஐயோ பாவம், எப்ப தவறிப்போனாரு?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள். எதிர்வரிசையில் அப்பா முழுசாக உட்கார்ந்திருந்தார். அவர் காதிலும் விழுந்தது. பஸ்சில் திரும்பும்போது, "நான் இன்னும் சாகலடி" என்றார். "தெரியும்ங்க" என்றாள் அம்மா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

தீர்மானம் போட்டது எங்கள் வீட்டோடு நிற்கவில்லை. மலையில் காய் எடுக்கும் ஒருவர் போடி ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். எங்கள் சபையில் பிறந்து ஜெபவீட்டுக்குப் போனவர்களில் ஒருவர். அவருடைய தாயும் தகப்பனும் எங்கள் கல்லறைத் தோட்டத்தில்தான் இருந்தார்கள். அவர் மனைவி பிணத்தோடு கல்லறைத் தோட்டத்து வாசலில் வந்து நின்றாள். சாவி அப்பாவிடம்.

"இல்லம்மா. தீர்மானம் இருக்கு."

"அய்யா, அவுக அப்பன் ஆத்தா உள்ள கெடக்காகய்யா."

"என் கையில ஒண்ணும் இல்லம்மா."

கையில் சாவியை வைத்துக்கொண்டுதான் அப்படிச் சொன்னார். விஷயம் கேள்விப்பட்டு அம்மா செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தாள். அப்பாவைத் தாண்டிப் போனாள். அந்தப் பெண்ணை அணைத்துப் பிடித்து ஜீப்பில் ஏற்றி, தானும் ஏறி, பிணத்தோடு மலைக்குப் போனாள். மேலே ஏலக்காய்த் தோட்டத்தின் ஓரத்தில், செடி வைக்காத ஒரு சரிவை ஜெபவீட்டார் கேட்டு வாங்கி வைத்திருந்தார்கள். அங்கே புதைத்தார்கள். அப்பா அன்று சாயங்காலம் வரை அந்த வாசலிலேயே நின்றிருந்ததாகப் பின்னால் ஒருவர் சொன்னார்.

எண்பதுகளின் நடுவில் அம்மாவுக்கு இருதயம் பலவீனமானது. படுக்கையில் கிடந்த நாட்களில் ஒரு நாள், அப்பா வெளியே போயிருந்தபோது, என்னை அருகில் கூப்பிட்டாள். "அந்த எடத்தைப் பத்தி ஒங்கப்பாட்ட எதுவும் கேட்டுறாத. மனுசன் சங்கடப்படுவாரு" என்றாள். கேட்கக்கூடாது என்று சொல்வதற்காகவாவது அவளுக்கு அதைப் பேச வேண்டியிருந்தது. மாசி மாதத்தில் ஒரு பகல் வேளை, அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தபோது, அவள் போய்விட்டாள்.

அவள் பேச்சை நான் கேட்கவில்லை. நேரே அப்போதைய செயலாளர் வீட்டுக்குப் போனேன். அப்பா அதற்குள் பொறுப்பை விட்டிருந்தார். அவரிடம் ஞாயிறு பள்ளியில் படித்த பையன்தான் வளர்ந்து செயலாளராகியிருந்தான். கண்கலங்கிவிட்டான்.

"அக்கா, தீர்மானம் அப்பா கொண்டுவந்தது. நாங்களா எப்படி மாத்துறது? அப்பா ஒரே ஒரு வார்த்தை சொல்லட்டும். இந்த நிமிசமே எடுத்துர்றோம்."

ஓட்டமாக வீட்டுக்கு வந்தேன். அப்பா அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து அவள் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார். சொன்னேன்.

"அந்தப் பொம்பளைய வாசல்ல நிறுத்துனேன்ல. எம் பொண்டாட்டிக்குன்னா இன்னைக்குக் கதவு தொறக்குமா? அப்ப அவ புருசனுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"ஊருக்குப் பதில் சொன்னது போதும்ப்பா. அம்மாவுக்குச் சொல்லுங்க" என்று கத்தினேன். வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். அப்பா தலையைத் தூக்கவில்லை. அவர் பிடிவாதத்தால் பேசாமலிருந்தார் என்று அன்றைக்கு நினைத்தேன். வெட்கத்தால் என்று இப்போது நினைக்கிறேன். இரண்டில் எதுவானாலும் அம்மாவுக்கு ஒன்றுதான்.

அதற்குள் வாசலில் ஒரு ஜீப்பு வந்து நின்றது. மலையிலிருந்து சேதி கேட்டு இறங்கி வந்திருந்தார்கள். முன்னால் வந்தவள் அதே பெண், கல்லறை வாசலிலிருந்து அப்பா திருப்பி அனுப்பியவள். அப்பா அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அவள் அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு அப்பாவிடம் வந்தாள்.

"அண்ணே, அக்காவை நாங்க கூட்டிட்டுப் போறோம். எடம் இருக்கு. நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க."

அவள் முகத்தில் பழையதைக் குத்திக்காட்டும் குறிப்பு துளியும் இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் அப்பாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கோயில் மணி அடிக்கவில்லை. ஜீப்பு போடிமெட்டு வளைவுகளில் ஏறும்போது அப்பா ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அம்மாவின் தலை ஆடாமல் பிடித்துக்கொண்டே வந்தார். சரிவில் எல்லாரும் வாய்விட்டு அழுதார்கள். நானும் அழுதேன். அப்பா வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை.

அடுத்த வருடம் கமிட்டி மறுபடி எங்கள் வீட்டில் கூடியது. கமிட்டி அறையின் கூரை இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. இதற்குள் எங்கள் சபையே மாறிவிட்டிருந்தது. படித்த பிள்ளைகள் மதுரைக்கும் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள். முன்வரிசைப் பெஞ்சுகளில் பஞ்சு வந்து உட்காருமளவுக்கு இடம் இருந்தது. இருந்த வாலிபர்களைப் பிடித்துவைக்க டிரம்மும் கிதாரும் வாங்கி, ஜெபவீட்டில் பாடிய அதே பாட்டுகளைப் பாடிக்கொண்டிருந்தோம். கமிட்டிக்காரர்கள் வீட்டுப் பெண்களே மத்தியானத்துக்குமேல் ஜெபவீட்டுக் கொட்டகைகளுக்குப் போய்வந்தார்கள். கமிட்டிக்காரர் ஒருவருடைய தாயார் படுத்த படுக்கையாக இருந்தார். அந்த அம்மாளும் மூழ்கி எடுத்தவர். அந்தப் பழைய தீர்மானம் இனி வேண்டாம் என்று ஒருவர் சொன்னார், சரி என்றார்கள். நான் காபி எடுத்துக்கொண்டு திரையை விலக்கியபோது, மைக்செட் வாங்குவதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டிருந்தார்கள். அப்பா மூலையில் பெரியவர் என்ற மரியாதைக்கு உட்கார்ந்திருந்தார். யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை, வன்மத்தால் அல்ல, கூச்சத்தால்.

எல்லாரும் போன பிறகு அவர் ஆறிய தம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார். "காபி வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு, பாத்தியா?" என்றார். "இம்புட்டு லேசா இருந்துருக்கு."

தம்ளரை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்தேன். அவர் அப்படியேதான் இருந்தார்.

அதற்குப் பிறகு அப்பா அடிக்கடி மலைக்குப் போனார். ஆராதனைக்கல்ல, சரிவில் போய் உட்கார்ந்துவிட்டு வருவார். ஒரு நாள் நானும் கூடப் போனேன். அவர் ஜெபவீட்டுப் பிரதரிடம், தன்னையும் அங்கேயே அம்மாவுக்குப் பக்கத்தில் வைக்க முடியுமா என்று கேட்டார். அவர் வாழ்நாளில் தனக்கென்று ஒரு சலுகை கேட்டது அப்போதுதான். பிரதர் சங்கடத்தோடு கையைப் பிசைந்தார்.

"அண்ணே, தப்பா எடுக்கண்டா. முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவருக்கு மட்டும்தான் இங்க. விசுவாசிகள் சேர்ந்து வச்ச நியமம். ஞான் ஒருத்தனா மாத்தினா சரியாகுமா? நீங்க முழுக்கு எடுக்கறதா இருந்தா…"

அப்பா சிரித்தார். அம்மா போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். இறங்கி வரும் வழியில் ஜீப்பில் என்னிடம் சொன்னார்: "என்னை மாதிரியே ஒருத்தன் அங்கயும் இருக்கான்." சிறிது தூரம் போனதும், "பக்கத்துல படுக்கணும்னு ஆசைக்காகத் தண்ணியில எறங்குனா அது ஞானஸ்நானமா? பொய்யில்லையா?" என்றார். அந்த வயதிலும் நேர்மையை விடவில்லை. எனக்கு அவரை அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது.

எண்பதுகள் முடியும் தறுவாயில் அப்பா இறந்தார். கோயில் மணி அடித்தது. போதகர்கள் இரண்டு பேர் அங்கி போட்டு முன்னால் நடந்தார்கள். இறுதிப் பிரசங்கத்தில், திருச்சபை சவால்களைச் சந்தித்த காலத்தில் தூணாக நின்றவர் என்று சொன்னார்கள். நான் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். கல்லறைத் தோட்டத்தில் இடம் தேட வேண்டியிருக்கவில்லை. மூலையில் சின்னக் கல்லறைக்கும் சுவருக்கும் நடுவே எங்கள் வீட்டுக்கு ஒரு இடம் இருப்பது எல்லாருக்கும் தெரியும். அப்பா தன் கையால் நட்ட கல் அங்கேயே நின்றது. குழி வெட்டுகிறவர் அதைப் பிடுங்கி ஓரமாகப் போட்டுவிட்டு வேலையைத் தொடங்கினார்.

ஈஸ்டருக்கு முந்திய சனிக்கிழமை இப்போது சுண்ணாம்பு வாளியைத் தூக்குவது நான்தான். அண்ணனுக்கும் அப்பாவுக்கும் அடித்துவிட்டு, மிச்சத்தை மூடி எடுத்துக்கொண்டு மலைக்கு ஜீப்பு ஏறுகிறேன். மேலே வெள்ளை நிற்பதில்லை. ஒரு மழைக்காலம் போனால் பாசி படர்ந்து, எது அம்மா, எது பாறை என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது. அம்மா கேட்டு வாங்கிய இடத்தில் அப்பா படுத்திருக்கிறார். பிள்ளை இப்போது தனியாக இல்லை. தனியாக இருப்பது அம்மாதான்.